தலை ஒரு பெட்டி, கை ஒரு பெட்டி: உங்கள் அனுபவம் என்ன?

மேசைமேல் குட்டிப் பொம்மைகளை வைத்து ஆடும் ஃப்ராஸ்ட்கிரேவ் விளையாட்டில் ஒரு படைக்கு 10 பேர்தான்: மந்திரவாதி, சீடர், அதிகபட்சம் 8 வீரர்கள். இன்ன கம்பெனி பொம்மைதான் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பல பொம்மைப் பெட்டிகளின் (கிட்) பாகங்களைக் கலந்து ஒட்டும் ஆசை உள்ளவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

என் படையில் செல்லப்பிள்ளை ஒரு புதையல்தோண்டி. உடம்பு ஃப்ராஸ்ட்கிரேவ் கல்டிஸ்ட் பெட்டி. கைகள் பெர்ரி மினியேச்சர்ஸின் ரோஜாப் போர்க் காலாட்படை. கையிலிருந்த ஈட்டியின் முனையை வெட்டி எறிந்துவிட்டு, குளிர்பான கேன் தகட்டை 5 மி.மீ. அகலத்துக்கு நறுக்கி, பழைய பேனா ரீஃபில் மேல் வைத்து வளைத்து ஒட்டியதில் ஷவல் தயார்.

தகராறு தலையில். அது வார்ஹாமர் என்ற இன்னொரு பொம்மைப் போர் விளையாட்டின் பழைய ஃபிளாஜலன்ட் கிட்டில் வந்தது. பேச்சுக்கு எல்லாமே 28 மி.மீ. என்றாலும் அந்தக் கணக்கு உயரத்தோடு சரி. வார்ஹாமர் பொம்மைகளுக்குத் தலையும் கையும் வேண்டுமென்றே பெரிதாக இருக்கும். பெர்ரியில் நிஜ மனித அளவை ஒட்டி மெலிந்திருக்கும். அப்படியே வைத்தால் குச்சியில் பூசணிக்காய். கழுத்தை முழுசாக வெட்டிவிட்டு, தாடி நெஞ்சில் படும்படி தலையைக் கீழே இறக்கினேன். ஆள் கூன்போட்டவன் ஆனான், தலையும் உறுத்தவில்லை.

மிச்ச இடைவெளிக்கு கிரீன் ஸ்டஃப், அதாவது இரண்டு நிறமாக வரும், பிசைந்தால் இறுகும் மாவு. நீலமும் மஞ்சளும் சம அளவு எடுத்து ஒரே பச்சையாகும்வரை பிசைந்து, கழுத்தைச் சுற்றி வளையமாக வைத்து, ஈர ஊசியால் கீறிக் கீறி ரோமக் காலர் ஆக்கினேன். ஒன்றரை மணி நேரம்போல இளக்கமாக இருக்கும், அவசரமில்லை. கதை நடக்கும் ஃபெல்ஸ்டாட் பனியில் உறைந்த நகரம் என்பதால் யார் கழுத்தில் ரோமம் இருந்தாலும் ஏன் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

ஒன்று மட்டும் சொல்வேன்: மணிக்கட்டில் வெட்டிக் கையை மட்டும் மாற்றாதீர்கள். தோளிலிருந்து முழுக் கையாக எடுங்கள். உடையின் மடிப்பு வெட்டை மறைத்துவிடும். மணிக்கட்டில் மறைக்க எதுவுமே இல்லை.

*

அண்ணே, காலர் யோசனை அருமை. பசை பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன். பிளாஸ்டிக் சிமென்ட் என்ற பசை, பெட்டிப் பொம்மைகளின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை உருக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். 3டி பிரின்ட் ரெசின் பாகத்தில் அந்த ஜம்பம் பலிக்காது. அங்கே சூப்பர் க்ளூதான். அதுவும் வெறும் க்ளூ போதாது, மேசையிலிருந்து விழுந்தால் கை தனி, ஆள் தனி. பின் வைஸில் (விரலால் திருகும் குட்டித் துளைக்கருவி) 1 மி.மீ. பிட் போட்டு இரு பக்கமும் துளைத்து, ஜெம் கிளிப் கம்பியை நறுக்கி உள்ளே செருகிவிடுகிறேன். கிரீன் ஸ்டஃப்பை முகம், துணி, ரோமத்துக்கு மட்டும் எடுப்பேன். பொம்மை நிற்கும் பேஸில் பாறை செய்யக் குழாய்க் கசிவு அடைக்கும் எம்-சீல் போதும், சென்னையில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது.

*

பாகங்களை வெட்டி எடுத்தபின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தை (ஸ்ப்ரூ) தூக்கிப் போடாதீர்கள். பொடியாக நறுக்கி, பாதி காலியான பிளாஸ்டிக் சிமென்ட் பாட்டிலில் ஊறவிட்டால் கூழாகும். மெல்லிய இடுக்குகளுக்கு அதுவே போதும், காய்ந்தபின் சுரண்டியும் விடலாம்.

நான் இன்னும் 1999இல் வந்த மோர்ட்ஹைம் விளையாட்டை ஆடும் ஆசாமி. எலிப்படை கட்டிக்கொண்டிருக்கிறேன், கவண் சுழற்றும் கைகள் மட்டும் அகப்படவில்லை. யாரிடமாவது மிஞ்சிக் கிடந்தால் சொல்லுங்கள், பதிலுக்குக் கேடயங்கள் நிறைய இருக்கின்றன.