காலியாகத் திரும்பும் வண்டியில் வீடு மாற்றியவர்கள் உண்டா? எங்கள் அனுபவம் இது

திண்டுக்கல்காரன்:

வேளச்சேரி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஊர்ப் பக்கமே வந்துவிட்டோம். முதலில் பேக்கர்ஸ் ஆட்களிடம்தான் விலை கேட்டேன். ஒருவர் சொன்ன தொகையில் பாதிக்கு மேல் வண்டி வாடகையே. ஏன் இவ்வளவு என்றதற்கு, "திரும்பி வர்ற டீசலும் நீங்கதானே சார் கொடுக்கணும்" என்றார். நியாயம்தான். ஆனால் அவர் அப்படிச் சொன்னதும்தான், சென்னைக்கு வந்து காலியாக ஊர் திரும்பும் வண்டிகளின் நினைப்பு வந்தது.

எங்கள் பக்கத்திலிருந்து முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டுக்கு வண்டிகள் போகின்றன. ராத்திரி சரக்கை இறக்கிவிட்டு விடிவதற்குள் கிளம்பப் பார்ப்பார்கள். திரும்பும்போது லோடு கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் காலி வண்டிதான். ஒட்டன்சத்திரம் சந்தையில் பழக்கமுள்ள மாமா ஒருவர் மூலமாக டாடா 407 சின்ன லாரி ஓட்டும் டிரைவர் ஒருவரைப் பிடித்தோம். டீசல் காசு, அதற்கு மேல் அவர் கைக்குக் கொஞ்சம் என்று பேச்சு. பேக்கர்ஸ் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

காசு ஒரு பக்கம். தூரம் 420 கிலோமீட்டர் சுமார். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்று வைத்தாலும், எங்களுக்காகத் தனி வண்டி போய் வந்திருந்தால் எண்பது லிட்டருக்கு மேல் டீசல் எரிந்திருக்கும். ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு. பெருக்கினால் இருநூறு கிலோவைத் தாண்டுகிறது! இந்த வண்டியோ எங்கள் சாமான் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஊருக்குப் போகப்போகிற வண்டி. எங்கள் சுமைக்குக் கொஞ்சம் கூடுதல் டீசல், அவ்வளவுதான்.

தொல்லை இல்லாமல் இல்லை. நேரம் நம் கையில் இருக்காது. சரக்கு இறங்கிய பிறகே டிரைவர் வருவார், பகலில் பெரிய வண்டிகளுக்கு நகருக்குள் நேரக் கட்டுப்பாடு வேறு. இருட்டு பிரியாத நேரத்தில் பீரோவை இறக்கினால் கீழ்வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று முதல் நாளே போய்ச் சொல்லிவைத்தோம். வண்டியைப் பெருக்கித் தார்ப்பாய் விரித்துத்தான் ஏற்றினோம், இருந்தும் மெத்தையில் வெங்காய வாசம் போக ஒரு நல்ல வெயில் தேவைப்பட்டது. இன்சூரன்ஸ் எதுவும் கிடையாது. நகை, பத்திரம், லேப்டாப் எல்லாம் எங்களோடு பஸ்ஸில் வந்தன.

நங்கநல்லூர் அக்கா:

தம்பி, நாங்கள் போனது நாலு தெரு தள்ளி. அதற்கு லாரி எதற்கு? பெடல் மிதிக்கிற மீன்பாடி வண்டிக்காரர் ஒருவரைப் பிடித்தோம். வாஷிங் மெஷினையும் கட்டிலையும் அவர் கட்டிய நேர்த்தியைப் பார்க்க வேண்டுமே! கயிறுதான், டேப் கிடையாது.

பேக்கிங்குக்கு நான் பைசா செலவு செய்யவில்லை. பாத்திரங்களுக்கு நடுவில் பழைய வேட்டி, காட்டன் புடவை. அரிசி மூட்டைச் சாக்கில் செருப்பும் விளக்குமாறும். கண்ணாடி டம்ளருக்கு டாஸ்மாக் அட்டைப் பெட்டியை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை, உள்ளே தடுப்பு இருக்கும், ஒன்றோடொன்று மோதாது. பழைய பேப்பர் கடையில் சொல்லி வாங்கினேன். புது வீட்டு ஓனர் மாமி வாசலில் நின்று அந்தப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம். காலி செய்ததும் அதே கடையில் திருப்பிப் போட்டாயிற்று.

அப்புறம் ஒன்று. ஆடியில் யாரும் வீடு மாற்றமாட்டார்கள் இல்லையா, அதனால் வண்டிக்காரர்கள் பேரத்துக்கு இறங்கி வருவார்கள். ஆடி ஆகாது என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, மாமியாருக்கு உண்டு. ஆனி கடைசியில் ஒரு நல்ல நாளில் உப்பு, மஞ்சள், குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் வைத்துப் பால் காய்ச்சிவிட்டோம். சாமான் போனது ஆடியில். இரண்டு பேருக்கும் சமாதானம்.

கோவை வாசகன்:

பைக்குக்கு ரயில்தான். நான் சென்ட்ரலில் பார்சல் போட்டேன். பெட்ரோலைச் சுத்தமாக வடித்துவிட வேண்டும், ஆர்சி நகலும் அடையாள அட்டை நகலும் வேண்டும். பார்சல் ஆபீஸ் வாசலிலேயே சாக்கு சுற்றித் தைத்துக் கொடுக்க ஆட்கள் இருப்பார்கள், கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். நாம் போகும் ரயிலிலேயே வர வேண்டுமென்றால் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் போட வேண்டும். பார்சலாகப் போட்டால் எந்த வண்டியில் இடம் இருக்கிறதோ அதில்தான் வரும். வந்து சேர்ந்த பிறகு எடுக்காமல் விட்டால் அங்கே வாடகை ஏறும், ஜாக்கிரதை.

கரூர்க்காரி:

பெரிய சாமான்களை விற்றுவிட்டுப் போகிற ஊரில் வாங்கிக்கொள்வதுதான் சிக்கனம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அம்மா காலத்து இரும்பு பீரோ எத்தனையோ வாடகை வீடு பார்த்துவிட்டது, கதவில் ஒரு நசுங்கல், அவ்வளவுதான். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அலமாரி ஒன்று வாங்கியிருந்தோம். ஒரு தடவை கழற்றி மாட்டியதற்கே திருகு போட்ட ஓட்டை பெரிதாகிவிட்டது, கதவு நிற்கவில்லை. அதைக் காயலான் கடைக்காரர்கூட எடுக்கமாட்டேன் என்றார். பழையதை விற்று இப்படிப்பட்ட ஒன்றை வாங்கினால் எங்கே மிச்சம்?

நான் கழித்தது செடிகளைத்தான். மண் தொட்டி கனத்துக்கு வண்டி எதற்கு? செம்பருத்தியிலும் கற்பூரவல்லியிலும் குச்சி ஒடித்து ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன், முருங்கையில் ஒரு போத்து. தொட்டிகள் எதிர்வீட்டுக்குப் போயின.

திண்டுக்கல்காரன்:

கேஸ் சிலிண்டரை என்ன செய்தேன் என்று தனியாகக் கேட்டவருக்கு: வண்டியில் ஏற்றக்கூடாது. வேறு ஊர் என்றால் ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டிரான்ஸ்பர் வவுச்சர் வாங்கிக்கொள்ளுங்கள், டெபாசிட் பணமும் வந்துவிடும். புது ஊரில் அதைக் காட்டி டெபாசிட் கட்டினால் இணைப்பு கிடைக்கும். ஒரே ஊருக்குள் என்றால் முகவரி மாற்றம் முதலில் கேளுங்கள்.

கரூர் அக்கா சொன்ன பீரோ விஷயம் சரிதான். பிரிட்ஜை மட்டும் படுக்கவைக்காதீர்கள், நிற்கவைத்தே கட்டி, இறக்கிய பிறகு சில மணி நேரம் விட்டு ஆன் செய்யுங்கள். முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷின் என்றால், வாங்கும்போது பின்னால் கழற்றிக் கொடுத்த நீள போல்ட்டுகளைத் தேடி மறுபடி மாட்டுங்கள், இல்லாவிட்டால் உள்ளே டிரம் ஆடி அடிபடும்.

ரிட்டர்ன் வண்டிக்கு மாமா வேண்டும் என்றில்லை. நீங்கள் போகும் ஊர்ச் சந்தையில் எந்தக் கமிஷன் கடையில் கேட்டாலும் சென்னைக்கு ஓடும் டிரைவர் நம்பர் தருவார்கள். ஏற்றுகூலி, இறக்குகூலி, டோல் யார் தருவது என்பதைப் போனிலேயே பேசி முடித்துவிடுங்கள்.