உதவி: தானே சரக்கிறக்கும் கப்பல் மாடலில் மணல் இறங்க மறுக்கிறது

திருப்பரங்குன்றத்துக்காரன்:
டிப்ளமோ மெக்கானிக்கல் கடைசி வருடம். மதுரையில் உட்கார்ந்துகொண்டு கப்பலா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள், இருக்கட்டும். கிரேன் இல்லாமல் தானே சரக்கை இறக்கும் பல்க் கப்பல்தான் (நிலக்கரி, மணல் மாதிரி மூட்டை கட்டாத சரக்கு ஏற்றுவது) புராஜெக்ட். தகரத்தில் ஹாப்பர் (சரக்கு நிற்கும் சரிவான பெட்டி), அடியில் கதவு, அதற்குக் கீழே பெல்ட், மேலே ஏற்ற இன்னொரு பெல்ட், கடைசியில் பூம் (சரக்கை வெளியே கொண்டுபோய்க் கொட்டும் நீண்ட கை). கதவைத் திறந்தால் நேர் மேலே இருக்கிற எம்-சாண்ட் மட்டும் குழி விழுந்து கொட்டுகிறது, ஓரங்கள் அசையவில்லை. குட்டி வைப்ரேட்டர் வைத்ததும் இன்னும் மோசம். ஏறும் பெல்ட்டிலும் மணல் கீழே சறுக்குகிறது. பக்கச் சரிவு 30 டிகிரி, ஏறும் பெல்ட் 40.

மேலூர் கிரஷர்:
தம்பி, கதவை மூடிவைத்து வைப்ரேட்டர் போட்டீர்களா? அப்படிப் போட்டால் மணல் இறுகத்தான் செய்யும். கதவு திறந்து மணல் ஓடும்போது மட்டும் போடுங்கள். 30 டிகிரி போதவே போதாது, காய்ந்த மணலே அந்தச் சரிவில் சும்மா குவிந்து நிற்கும். 50க்கு மேல் வையுங்கள். கழுவின எம்-சாண்டை ஈரத்தோடு போடாமல் வெயிலில் காயப்போடுங்கள்.

லீவில் உசிலம்பட்டி:
நான் இந்த வகைக் கப்பலில்தான் வேலை பார்க்கிறேன். மேலூர் அண்ணன் சொன்னது சரி. ஈர நிலக்கரி எங்களுக்கும் இப்படித்தான் தொங்கும். அதற்காகச் சரிவுத் தகட்டில் வழுக்கும் பிளாஸ்டிக் பதிப்பார்கள். தொங்கும் சரக்குக்குக் கீழேயோ மேலேயோ ஆள் போகவே கூடாது, சரிந்தால் புதைந்துவிடுவான்.

சாதாரண பெல்ட் 18, 20 டிகிரிக்கு மேல் மணலை ஏற்றாது. கப்பலில் இடம் குறைவு என்பதால் இரண்டு பெல்ட்டுக்கு நடுவில் சரக்கை அமுக்கிப் பிடித்து, சி வடிவத்தில் செங்குத்தாகவே தூக்குவோம். மாடலில் அது பெரிய தலைவலி. குறுக்கே ரப்பர் பட்டை ஒட்டினாலே போதும்.

திருப்பரங்குன்றத்துக்காரன்:
நன்றி அண்ணே! சரிவை 55 ஆக்கினேன், ஓரமும் இறங்குகிறது. ஆனால் ஸ்விட்ச் போட்டதும் இரண்டு பெல்ட் சேரும் இடத்தில் மணல் குவிந்து மோட்டார் நின்றுவிடுகிறது. பூமைப் பக்கவாட்டில் திருப்பினால் தொட்டியில் கப்பலும் சாய்கிறது.

லீவில் உசிலம்பட்டி:
எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்விட்சா? பிரியுங்கள். முதலில் பூம் பெல்ட், அப்புறம் ஏற்றும் பெல்ட், அப்புறம் அடி பெல்ட், கடைசியில் கதவு. சரக்கு போகும் திசையில் முன்னால் இருக்கிற பெல்ட் நின்றால் பின்னால் இருப்பதும் தானாக நிற்கும்படி எங்களுக்கு இன்டர்லாக் உண்டு. நிறுத்தும்போது கதவை முதலில் மூடி, பெல்ட் காலியானதும் அணையுங்கள். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் பாலாஸ்ட் தண்ணீர் (எடைக்காக நிரப்புவது) வையுங்கள். சில கப்பல்களில் பூம் 75 மீட்டரைத் தாண்டும், அங்கேயும் இதே வைத்தியம்தான்.