மாசி வீதிப் பக்கம் பழைய வீட்டுல புதுப்பிச்ச பிளாட்: அட்வான்ஸ் போடலாமா?

புதுசாவந்தவன்:
அண்ணன்மாரே, வேலைக்காக இப்பத்தான் வெளிநாடு வந்து இறங்கியிருக்கோம். மதுரை மேலமாசி வீதிக்குப் பின்னாடி சந்துல ஒரு பழைய வீட்டை மூணு பிளாட்டாப் பிரிச்சு விக்கிறாங்க. நமக்கு முதல் மாடி. ஆத்தங்குடிக் கல், தேக்குத் தூண், போட்டோவுல கண்ணைப் பறிக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள அஞ்சு லட்சம் போடலைன்னா வேற பார்ட்டிக்குப் போயிரும்னு புரோக்கர் நெருக்குறார். என்ன செய்ய?

வெளிவீதி:
மொதல்ல அங்க காலூன்றுங்க தம்பி. வாடகை டெபாசிட், பிள்ளைக ஃபீஸ், லைசென்ஸ்னு ஆரம்ப மாசங்கள்ல பணம் தண்ணியா ஓடும். ஆறு மாசச் செலவைக் கையில வைக்காம ஊர்ல முடக்காதீங்க.

சுண்ணாம்பும்கடுக்காயும்:
அதையா அவர் கேட்டார்? கட்டடத்தைப் பாப்போம். அந்தப் பக்கத்துப் பழைய தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்: மரக்கட்டை மேல செங்கலைச் செங்குத்தா அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, மேல தட்டை ஓடு பதிப்பாங்க. கட்டை நடுவுல கெடாது, சுவருக்குள்ள போற முனையிலதான் கெடும். ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தா ஒரு பலகையைக் கழட்டச் சொல்லி, முனையில ஸ்க்ரூ டிரைவரை வச்சு அழுத்தணும். உள்ள இறங்குச்சுன்னா கட்டை போச்சு. கழட்ட மாட்டேன்னா அதுவே பதில்.

பாத்ரூம் வாசல்ல படி இருக்கா பாருங்க. குழாய் பதிக்கப் பழைய தளத்தை இறக்க முடியாததால மேல ஜல்லி கொட்டித்தான் உயர்த்துவாங்க. அஞ்சுக்கு ஏழடி பாத்ரூம்ல ஆறு அங்குலம் ஏத்தினா முக்கால் டன் எடை, அதுவும் பழைய கட்டை மேல. கசிஞ்சா கீழ் வீட்டுக்காரரோட தினம் சண்டை.

கீழ்த்தளச் சுவரையும் பாருங்க, உங்க வீட்டைத் தாங்குறது அதுதான். சுண்ணாம்புச் சுவருக்கு மேல சிமெண்ட் பூசினா ஈரம் வெளியேற வழியில்லாம உப்புப் பூத்து, முழங்கால் உயரத்துல பெயிண்ட் உரியும். புதுப் பெயிண்ட் ஒரு மழைக்காலம்தான் மறைக்கும்.

டவுன்சர்வே:
கட்டை கிடக்கட்டும், அடிமனை, அதாவது வீடு நிக்கிற நிலம், யாருது? மீனாட்சியம்மன் கோயிலைச் சுத்தி அடிமனை வாடகை கட்டுற வீடுக உண்டு. கோயில் மனைன்னா அறநிலையத் துறை ஆணையர் அனுமதியில்லாம கிரயம் செல்லாது. டவுன் சர்வே பதிவேட்டு நகலும், 1975லருந்து வில்லங்கச் சான்றும் எடுங்க. பாகப்பிரிவினைப் பத்திரத்துல அக்கா தங்கச்சி கையெழுத்து இருக்கா? நிலத்துல உங்களுக்குப் பிரிபடாத பாகம் எத்தனை சதுரடின்னு கிரயத்துல வரணும். தனி வரி எண், தனி கரண்டு மீட்டரும் வேணும்.

தெப்பக்குளத்தான்:
எதுக்கு இந்தத் தொல்லை? கார் நிறுத்த இடமில்லை, சித்திரைத் தேரோட்டத்தன்னைக்கு வண்டி நுழையாது. கோயிலைச் சுத்தி ஒரு கிலோமீட்டருக்கு 9 மீட்டர் உயரத்துக்கு மேல கட்டவும் முடியாது. புரோக்கர்களுக்கு எல்லா வாரமும் வெள்ளிக்கிழமைதான்.

அயலகம்:
நீங்க அங்க இருக்கிறதால ஊர்ல ஒருத்தர் உங்களுக்காகக் கையெழுத்துப் போடப் பவர் பத்திரம் வேணும். அதை இந்தியத் தூதரகத்துலதான் போடணும், நோட்டரி செல்லாது.

டவுன்சர்வே:
யார் சொன்னா? அங்க உள்ள நோட்டரி முன்னாடி போட்டாலும் சட்டப்படி செல்லும். எது சுலபம்ங்கிறது நாட்டைப் பொறுத்தது, அவர் எந்த நாடுன்னே சொல்லலை. எப்படிப் போட்டாலும் இந்தியா வந்து சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டணும்.

வில்லங்கம்பார்ப்பவர்:
சரி, விஷயத்துக்கு வருவோம். அஞ்சு லட்சம் வேண்டாம். ஒப்பந்தம் எழுதி, ‘உரிமையில குறையிருந்தா முழுத்தொகையும் திருப்பணும்’னு ஷரத்துச் சேர்த்து, சின்ன டோக்கன் மட்டும் ஓனர் கணக்குக்கே அனுப்புங்க. புரோக்கர் கையில எதுவும் கொடுக்காதீங்க. வேலைக்கு வெளிநாடு போயாச்சுன்னா பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வா (வெளிநாடுவாழ் இந்தியருக்கான கணக்கா) மாத்தணும், பணம் அதுலருந்தோ, வெளிநாட்டுச் சம்பாத்தியம் போடுற என்.ஆர்.இ. கணக்குலருந்தோ போகட்டும். பதிவுச் செலவு முத்திரை 7, கட்டணம் 2 சதவீதம். விலை 50 லட்சம் தொட்டா 1 சதவீதம் டி.டி.எஸ். (விக்கிறவர் கணக்குல வருமான வரி) விலையிலருந்து நீங்கதான் பிடிச்சுக் கட்டணும்.

புதுசாவந்தவன்:
ஓனர் சிங்கப்பூர்ல செட்டிலானவர், சொல்ல மறந்துட்டேன்.

வில்லங்கம்பார்ப்பவர்:
அப்பக் கணக்கே வேற தம்பி. ஓனர் என்.ஆர்.ஐ.ன்னா 50 லட்சத்துக்குக் கீழயும் பிடிக்கணும், 1 சதவீதம் பத்தாது. விட்டுட்டா வரி உங்க தலையில விழும். குறைச்சுப் பிடிக்கணும்னா வருமான வரித் துறைச் சான்று அவர் வாங்கித் தரணும். அது வெள்ளிக்கிழமைக்குள்ள வராது; புரோக்கர்கிட்ட அதையே சொல்லுங்க.