முதல் டைனஸ்டி ஏலம்: 200 டாலரை எங்கே இறக்குவது?

கேள்வி (பிளேனோ, டெக்சாஸ்)

அலுவலக நண்பர்களோடு நான்கு ஆண்டுகளாக ஃபேன்டசி ஃபுட்பால் ஆடுகிறேன். என்எஃப்எல் என்னும் அமெரிக்கக் கால்பந்து லீக்கின் நிஜ ஆட்டக்காரர்களைக் கொண்டு கற்பனை அணி கட்டி, அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறும் விளையாட்டு இது. ஆண்டுதோறும் அணியைக் கலைத்துவிட்டுப் புதிதாக எடுக்கும் சாதாரண லீக்தான். இந்த 2025 ஆகஸ்ட் கடைசியில் எல்லோரும் டைனஸ்டிக்கு மாறுகிறோம். எடுத்த ஆட்டக்காரர் நாமாக விற்கும்வரை நம்மிடமே இருப்பார். தொடக்க அணியை ஏலத்தில் எடுக்கப் போகிறோம்.

12 அணிகள், அணிக்கு 25 பேர், ஆளுக்கு 200 டாலர் கற்பனைப் பணம். ஒவ்வொரு கேட்சுக்கும் ஒரு புள்ளி. சூப்பர்ஃப்ளெக்ஸ் என்பதால் இரண்டு குவாட்டர்பேக்குகளை (பந்தை எறிபவர்களை) இறக்கலாம். அடுத்த ஆண்டிலிருந்து புதுமுகங்களுக்கு மட்டும் தனியாக ரூக்கித் தேர்வு நடக்கும். கடைசியில் முடித்தவருக்கு முதல் வாய்ப்பு.

ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) ஜமார் சேஸ், ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) பிஜான் ராபின்சன் இருவரையும் எடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. இருவருக்கும் சேர்த்து 110 டாலராவது போகும். மீதி 90-இல் 23 பேரை எடுக்க வேண்டும். இது சரிவருமா, பணத்தைப் பரவலாகப் பிரித்துவிடுவது நல்லதா? நான் ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவன். அங்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மெகா ஏலம் வந்து பழைய தவறுகளைத் துடைத்துவிடும். இங்கே அப்படி ஒன்று வராது என்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பதில் 1 (சான் ஹோசே)

சூப்பர்ஃப்ளெக்ஸ் என்றால் முதலில் குவாட்டர்பேக்குகளை எண்ணுங்கள். என்எஃப்எல்லில் 32 அணிகள், ஆகவே தொடக்க ஆட்டக்காரர்கள் 32 பேர்தாம். உங்கள் லீக்கில் ஆளுக்கு இருவர் என்றாலே 24 பேர் போய்விட்டார்கள். ஒவ்வொரு அணிக்கும் ஆட்டமில்லாமல் வரும் ஓய்வு வாரத்துக்காக ஆளுக்கு ஒருவரைக் கூடுதலாக வைத்துக்கொள்ள நினைத்தால் 36 வேண்டும். அத்தனை பேர் உலகத்திலேயே இல்லை. ஜோஷ் ஆலனோ ஜேடன் டேனியல்ஸோ ஒருவராவது இல்லாமல் அந்த ஏலத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள். பிஜானை மறந்துவிடலாம்.

பதில் 2 (எடிசன், நியூ ஜெர்சி)

தம்பி, மேலே சொன்ன குவாட்டர்பேக் கணக்கு சரி. உங்கள் பட்டியலில் சேஸும் இருக்கட்டும். பிஜானைப் பற்றித்தான் பேச வேண்டும். அதற்கு என் கதையைச் சொன்னால்தான் விளங்கும்.

எங்கள் லீக்கின் தொடக்க ஏலம் 2020 ஆகஸ்டில் நடந்தது. கொரோனா காலம், எல்லோரும் அவரவர் வீட்டில் திரைக்கு முன்னால். கிறிஸ்டியன் மெக்காஃப்ரியின் பெயர் வந்தது. முந்தைய பருவத்தில் ஓடி 1,387 யார்டு, பந்தைப் பிடித்து 1,005 யார்டு எடுத்திருந்தார். அவரை விட்டால் லீக்கே போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு கேட்புக்கும் கடிகாரம் பத்து நொடிக்குத் திரும்பும். 50-ஐத் தாண்டியதும் இரண்டு பேர்தான் மிஞ்சினோம். 57, 58, 59. எண் சிவப்பாக மாறி மூன்றுக்கு வந்தபோது ஒரேயடியாக 62 என்று தட்டினேன். எதிரில் இருந்தவர் நிறுத்திக்கொண்டார். அந்த இரவு முழுக்க எனக்கு வெற்றி பெற்ற நினைப்பு.

அந்தப் பருவத்தில் அவர் ஆடியது மூன்று ஆட்டங்கள். அடுத்த பருவத்தில் ஏழு. 2022 கோடையில் மனம் வெறுத்துப்போய், ரூக்கித் தேர்வின் இரண்டாம் சுற்றில் ஒருவரை எடுக்கும் வாய்ப்புக்கும் இன்று என் அணியில் இல்லாத ஒரு ரிசீவருக்கும் அவரைக் கொடுத்துவிட்டேன். அக்டோபரில் கரோலைனா அவரை சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றியது. 2023-இல் ஓட்டமும் பிடியும் சேர்த்து 2,023 யார்டு, 21 டச்டவுன், ஆண்டின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருது. எங்கள் லீக் கோப்பையும் அந்த ஆண்டு அவரை என்னிடமிருந்து வாங்கியவருக்கே போனது.

இதில் நான் செய்த தவறுகள் இரண்டு. அடுத்தடுத்து நடந்ததால் அப்போது ஒன்றாகத் தெரிந்தன. ரன்னிங் பேக்கை ஏல இரவில் உச்ச விலைக்கு வாங்கியது முதல் தவறு. அடிபட்டுக் கிடக்கும் நேரத்தில் அடிமாட்டு விலைக்கு விற்றது இரண்டாவது. மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அதுபோல வயதைப் பார்த்துத்தான் இங்கே விலை கேட்க வேண்டும். ரிசீவருக்கு 25 என்பது தொடக்கம். ரன்னிங் பேக்குக்கு 25 என்றால் பாதி வழி முடிந்துவிட்டது. பிஜானுக்கு 23, நல்ல ஆட்டக்காரர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் புது அணியின் முதல் பருவத்திலேயே நீங்கள் கோப்பையைத் தொடப்போவதில்லை என்றால், அவருடைய சிறந்த ஆண்டுகளைத் தோற்கும் அணியில் செலவழித்துவிடுவீர்கள். இரண்டு ஆண்டு கழித்து மற்ற இடங்கள் நிரம்பிய பிறகு ரன்னிங் பேக்கை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

நானாக இருந்தால் இரண்டு குவாட்டர்பேக்குகளுக்கு 70, சேஸோடு இன்னும் இரண்டு இளம் ரிசீவர்களுக்கு 95 வரை ஒதுக்குவேன். ரன்னிங் பேக்குகள் எல்லோருக்கும் சேர்த்தே 15-ஐத் தாண்ட மாட்டேன்.

இளமைக்கு விலை கொடுப்பதிலும் ஓர் எல்லை உண்டு. கைல் பிட்ஸை நினைத்துப் பாருங்கள். 2021-இல் என்எஃப்எல் அணிகள் புதுமுகங்களை எடுத்தபோது ஒட்டுமொத்த நான்காம் தேர்வு, முதல் பருவத்திலேயே 1,026 யார்டு. என்னிடம்தான் இருந்தார். அந்தக் குளிர்காலத்தில் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள் தருவதாக ஒருவர் கேட்டார், மறுத்துவிட்டேன். அதன்பின் ஒரு பருவத்தில்கூட அவர் 1,000 யார்டைத் தொடவில்லை. புகா நகுவா 177-ஆம் தேர்வு. எங்கள் ரூக்கித் தேர்வில் நான்கு சுற்றிலும் அவரை யாரும் சீண்டவில்லை. 2023-இன் முதல் ஞாயிறன்று பத்துப் பந்துகளைப் பிடித்தார். அன்று இரவே என் பெஞ்சின் கடைசி ஆளை விட்டுவிட்டு, பருவத்தின் நடுவே ஆள் சேர்க்கத் தரும் 100 கற்பனை டாலரில் 71-ஐ அவருக்கு வைத்தேன். கிடைத்தார். ஆகவே கடைசி மூன்று நான்கு இடங்களில் பெயர் தெரிந்த கிழவர்களை அடைத்துவைக்காதீர்கள்.

பதில் 3 (அட்லாண்டா)

அண்ணன் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முழுதாக ஏற்கவில்லை. எல்லோரும் இளமைக்கே ஓடும் ஏலத்தில் வயதானவர்கள் பாதி விலைக்குக் கிடைப்பார்கள். கடந்த 2024 பருவத்தில் சாக்வான் பார்க்லி 2,005 யார்டு ஓடினார், அப்போது அவருக்கு 27. டெரிக் ஹென்றி 30 வயதில் 1,921 ஓடினார். அவர்களை நம்பியவர்கள் கோப்பையைத் தூக்கினார்கள். "மூன்று ஆண்டில் அணி கட்டுகிறேன்" என்று தொடங்கியவர்களில் பலர் இரண்டாம் ஆண்டிலேயே லீக்கை விட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். கட்டணம் கட்டி ஆடுகிறோம், ஆடுகிற ஆண்டில் வெல்ல வேண்டாமா?

பதில் 2 (எடிசன்)

நீங்கள் சொல்வது பலிக்கும், ஒரு நிபந்தனையோடு. வெல்வது என்று முடிவெடுத்தால் பார்க்லி, ஹென்றி, அவர்களுக்கு ஏற்ற ரிசீவர்கள் என்று முழு அணியையும் அந்த ஒரே ஆண்டுக்காகவே எடுக்க வேண்டும். 28 வயது பார்க்லியையும் 22 வயது ரிசீவர் மாலிக் நேபர்ஸையும் கலந்து எடுத்து, ஒருவர் மங்கும்போது மற்றவர் மலர்ந்து, கடைசியில் ஆண்டுக்காண்டு ஆறாம் இடத்திலேயே நிற்கும் அணிகள் எங்கள் லீக்கில் மூன்று இருக்கின்றன. ஆறாம் இடத்துக்குக் கோப்பையும் இல்லை, நல்ல ரூக்கித் தேர்வும் இல்லை.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணா. பிஜானை விட்டுவிடுகிறேன், மனம் கொஞ்சம் வலிக்கிறது. இன்னொரு சந்தேகம்: நம் முறை வரும்போது யாருடைய பெயரை ஏலத்துக்கு முன்மொழிவது? நமக்கு வேண்டியவரையா?

பதில் 2 (எடிசன்)

தொடக்கத்தில் வேண்டவே வேண்டாம். பிறருக்கு ஆசையும் உங்களுக்கு அக்கறையின்மையும் உள்ள பெயர்களை வையுங்கள். பிஜான், பார்க்லி, ஹென்றி எல்லோரும் முதல் அரை மணி நேரத்திலேயே வெளியே வரட்டும். அடுத்தவர்கள் பணம் கரையும். ஆனால் விலையை ஏற்றிவிட வேண்டும் என்பதற்காக மட்டும் கேட்காதீர்கள். எங்கள் லீக்கில் ஒருவர் அப்படி 34 வரை ஏற்றிவிட்டார், எதிரில் யாரும் இல்லை, வேண்டாத ஆட்டக்காரர் அவர் தலையிலேயே விழுந்தார்.

இன்னொன்று, அப்போது கேட்கும் இடம் போக மற்ற காலி இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலரைத் திரை பிடித்துவைத்துக்கொள்ளும். 18 பேரை எடுத்த பிறகு ஏழு இடமும் 20 டாலரும் மிஞ்சியிருந்தால் உங்களால் கேட்கக்கூடிய உச்சம் 14. அந்த நேரத்தில் மற்றவர்களின் உச்சம் பெரும்பாலும் மூன்று நான்குதான் இருக்கும். பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு 12 பேரின் உச்சத்தையும் பென்சிலால் எழுதி அழித்து எழுதி வாருங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். ரிசீவர் மைக் எவன்ஸுக்கு இந்த மாதம் 32 ஆகிறது. 2014 முதல் 2024 வரை ஒரு பருவம்கூட 1,000 யார்டுக்குக் கீழே போகாதவர். அப்படிப்பட்டவர்கள் 5 டாலருக்கு விழுவது அந்தக் கடைசி மணி நேரத்தில்தான். எடுத்தால் அக்டோபருக்குள், கோப்பைக்கு ஓடும் யாரிடமாவது ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வுக்கு விற்றுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

தாள் எடுத்து 12 கட்டம் போட்டுவிட்டேன். சனிக்கிழமை இரவு ஏலம் முடிந்ததும் விலைகளோடு வருகிறேன்.