ஐடிலில் வண்டி உதறுது, ரேஸ் கொடுத்தா சரியாகிடுது: ஓ2 சென்சாரா, வேற ஏதாவதா?

கேள்வி

வணக்கம். 1.5 லிட்டர், 4 சிலிண்டர் பெட்ரோல் வண்டி. போர்ட் இன்ஜெக்‌ஷன், மாஃப் சென்சார் (உள்ள போற காத்தை அளக்குறது), கேபிள் இல்லாத எலெக்ட்ரானிக் த்ராட்டில். இன்ஜின் சூடான பிறகு ஐடிலில், அதாவது ரேஸ் கொடுக்காம சும்மா ஓடுறப்ப, 750-ல் நிக்க வேண்டிய ஆர்பிஎம் 550-க்கும் 900-க்கும் நடுவுல ஏறி இறங்குது. சிக்னல்ல நின்னா ஸ்டீயரிங் உதறும், ஏசி போட்டா ஆஃப் ஆகுற மாதிரி தடுமாறும். 2000-க்கு மேல போனா ஒரு குறையும் இல்லை.

புது பிளக், புது ஏர் ஃபில்டர் போட்டாச்சு. த்ராட்டில் பாடியும் கழட்டி சுத்தம் பண்ணியாச்சு. அதுக்கப்புறம் ரெண்டு நாள் 1100-ல நின்னுட்டு மறுபடி பழைய ஆட்டம்தான். ஸ்கேனர்ல பி0171 (கலவைல பெட்ரோல் குறைவுங்கிற கோட்) வருது, மிஸ்ஃபயர் (சிலிண்டர் சரியா எரியலைங்கிற) கோட் எதுவும் இல்லை. ஐடிலில் லாங் ட்ரிம் +19, ஷார்ட் ட்ரிம் +5 பக்கம் (ட்ரிம்னா பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற சதவீதம்; லாங் மெதுவா கத்துக்கிட்டது, ஷார்ட் அந்தந்த நொடிக்கு). எக்ஸாஸ்ட்ல ஆக்ஸிஜனைப் பாக்குற ஓ2 சென்சாரை மாத்தினா சரியாகும்னு மெக்கானிக் சொல்றார். மாத்தலாமா?

பதில் 1

வேண்டாம் சார், பொறுங்க. பி0171 வந்தால் ஓ2 சென்சார் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அந்த சென்சார்தான் சொல்கிறது. சொல்பவரை மாற்றினால் சேதி மாறாது.

ட்ரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: +24. வழக்கமாகப் போடுவதற்கு மேல் கால் பங்கு பெட்ரோலை ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) சேர்த்துக்கொண்டிருக்கிறது. கூட்டுத்தொகை ப்ளஸ்-மைனஸ் 10-க்குள் இருந்தால் கவலையில்லை.

அடுத்து, நியூட்ரலில் 2500 ஆர்பிஎம்-ல் ஒரு நிமிடம் பிடித்து அதே இரண்டு எண்களையும் எடுங்கள். ஐடிலில் மட்டும் ப்ளஸ் எகிறி 2500-ல் இறங்கினால் வேக்கம் லீக், அதாவது மாஃப் அளக்காத காற்று எங்கோ உள்ளே புகுகிறது. ஐடிலில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், அதற்குப் பின்னால் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் 30-40 கிலோபாஸ்கல்தான், வெளியில் 100. அப்போது சின்ன விரிசல் வழியே வரும் காற்றுகூட மொத்தக் காற்றில் பெரிய பங்கு. த்ராட்டில் திறந்ததும் அதே விரிசல் கணக்கிலேயே வராது.

நேர்மாறாக, வேகமும் லோடும் கூடக் கூட ட்ரிம் ஏறினால் மாஃப் அழுக்கு அல்லது பெட்ரோல் பிரஷர் குறைவு. எல்லா வேகத்திலும் ஒரே அளவு ப்ளஸ் என்றால்தான் ஓ2 சென்சார் மேல் சந்தேகப்படலாம்.

ஐடிலில் மாஃப் எத்தனை கிராம் காட்டுகிறது என்பதையும் எழுதுங்கள். இந்த அளவு இன்ஜினுக்கு ஏசி இல்லாமல் நொடிக்கு சுமார் 1.5 முதல் 2.5 வரை வர வேண்டும்.

கேட்டவர்

2500-ல் லாங் +4, ஷார்ட் 0-ஐ ஒட்டி. ஐடிலில் மாஃப் 1.2 கிராம்.

பதில் 2

அப்ப சந்தேகமே இல்லை, எங்கயோ ஏர் எடுக்குது. மாஃபுக்குத் தெரியாம காத்து உள்ள போறதால ஆர்பிஎம்-ஐ அடக்க ஈசியூ த்ராட்டிலை இன்னும் மூடுது. அதான் 1.2.

ஸ்கேனர்ல ஷார்ட் ட்ரிம்மை ஓட விட்டுட்டு ஒவ்வொரு ஹோஸா நெரிச்சுப் பாருங்க. நோஸ் ப்ளையர் முனைல துணி சுத்திக்குங்க, இல்லன்னா நீங்களே புது ஓட்டை போட்டுடுவீங்க. எதை நெரிச்சா எண் சட்டுனு விழுதோ அந்தப் பக்கம் லீக். விழுந்தா 0-க்கு வராது, மைனஸ் 15, 20-ன்னு போகும். லாங் ட்ரிம் அந்த +19-ஐ உடனே விடாது, அதை ஷார்ட்தான் கழிக்கணும். நல்லா இருக்குற ஹோஸை நெரிச்சாலும் ஒண்ணு ரெண்டு புள்ளி ஆடும், அதை லீக்குன்னு எடுத்துக்காதீங்க.

பார்க்க வேண்டியதுல முதல் இடம் பிசிவி ஹோஸ், இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோற குழாய். ஆயில் ஆவி பட்டுப் பட்டு ரப்பர் ஊறி, வளைவோட அடிப்பக்கம்தான் கிழியும். மேலிருந்து பார்த்தா புதுசு மாதிரி இருக்கும். விரலை அடியில விட்டுத் தடவிப் பாருங்க, பிசுபிசுன்னு ஆயில் ஒட்டினா அங்கதான். அடுத்து மாஃபுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல இருக்குற மடிப்பு வச்ச ரப்பர் குழாய். நிக்கும்போது மூடியிருக்குற விரிசல் இன்ஜின் ஆடும்போதுதான் வாயைத் திறக்கும், கையால வளைச்சுப் பாருங்க. பிரேக் பூஸ்டர் ஹோஸ் லீக்னா பெரும்பாலும் பெடல் கெட்டியாகும், இல்லன்னா மிதிக்கும்போது உஸ்ஸுனு சத்தம் வரும்.

பர்ஜ் வால்வை (டேங்க் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குள்ள விடுறது) நிறைய பேர் மறந்துடுவாங்க. இன்ஜின் குளிர்ச்சியா ஐடில் ஓடும்போது, அந்த ஆவியைப் பிடிச்சு வைக்கிற கேனிஸ்டர்ல இருந்து வர்ற ஹோஸை வால்வுல கழட்டி, அந்த வாயில விரல் வைங்க. இழுக்கக் கூடாது. இழுத்தா வால்வு மூடலை. டேங்க் ஃபுல் பண்ணின உடனே ஸ்டார்ட் ஆக அடம்பிடிச்சா அதுவும் இதே கேஸ்.

கார்ப் கிளீனர் அடிச்சுத் தேடுற வேலை மட்டும் வேண்டாம். சூடான எக்ஸாஸ்ட் மேல பட்டா தீப்பிடிக்கும். ஹோஸ்ல கிடைக்கலைன்னா மேனிஃபோல்டு கேஸ்கட், இன்ஜெக்டர் ஓ-ரிங். அதுக்கு ஸ்மோக் டெஸ்ட்தான் (உள்ள புகை விட்டு எங்க கசியுதுன்னு பாக்குறது), 1 பிஎஸ்ஐ-க்குக் கீழே வச்சுப் போதும்.

பதில் 3

மேலே சொன்னதோடு ஒன்று. ஆயில் டிப்ஸ்டிக் ரப்பர், ஆயில் கேப் சீல் இரண்டையும் பாருங்கள். பிசிவி வழியாக கிராங்க்கேஸும் (இன்ஜினில் ஆயில் இருக்கும் அடிப்பகுதி) மேனிஃபோல்டோடு சேர்ந்ததுதான், அங்கே புகும் காற்றையும் மாஃப் பார்க்காது. ஐடிலில் கேப்பைத் திறக்கவே முடியாத அளவு உறிஞ்சினால் பிசிவி டயாஃப்ரம் கிழிந்திருக்கும்.

இன்னொரு குழப்பம்: ஓ2 சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் லீக் இருந்தாலும் ஐடிலில் இதே போல் ப்ளஸ் ட்ரிம் காட்டும். ஆனால் மாஃப் அளவு சரியாக இருக்கும், குளிர்ந்த ஸ்டார்ட்டில் டக் டக் என்று கேட்கும். உங்களுக்கு 1.2 என்பதால் அது இல்லை.

த்ராட்டில் விஷயமும் பாக்கி இருக்கிறது. கார்பன் இருந்தபோது கற்றுக்கொண்ட திறப்பையே சுத்தம் செய்த பிறகும் ஈசியூ பிடித்திருந்ததால்தான் அந்த 1100. லீக்கைச் சரிசெய்தபின் ஸ்கேனரில் ஐடில் ரீலேர்ன் (ஐடில் திறப்பை ஈசியூவுக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது) செய்யுங்கள், செய்முறை வண்டிக்கு வண்டி மாறும். இக்னிஷன் ஆனில் பிளேட்டைக் கையால் தள்ள வேண்டாம், உள்ளே பிளாஸ்டிக் பற்சக்கரம்.

படிக்கும் மற்றவர்களுக்கு: மாஃப் இல்லாமல், மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டியில் இந்த ட்ரிம் கணக்கு அப்படியே செல்லாது. உள்ளே வரும் காற்றை மேப் அழுத்தமாகப் பார்த்துவிடும், அதற்கேற்ப பெட்ரோலும் சேரும். அங்கே பெரும்பாலும் ஐடில் உயர்ந்து நிற்கும். ட்ரிம் நன்றாக இருந்தும் உதறினால் பிளக்குக்குக் கரன்ட் தரும் காயிலை வேறு சிலிண்டருக்கு இடம் மாற்றி மிஸ்ஃபயர் கூடவே போகிறதா பாருங்கள், பிறகு கம்ப்ரஷன். ஆர்பிஎம் அசையாமல் பாடி மட்டும் அதிர்ந்தால் இன்ஜின் மவுண்ட்.

கேட்டவர்

பிசிவி ஹோஸ்தான். நெரிச்சதும் ஷார்ட் ட்ரிம் +5-லிருந்து -17. வளைவோட அடியில ஒரு விரல் அகலத்துக்குக் கிழிசல். கடையில கிடைக்கிற சாதா ரப்பர் ஹோஸை வெட்டிப் போட்டுக்கலாமா?

பதில் 2

கூடாது. தண்ணி ஹோஸ் ஆயில் ஆவில ஊதிப்போகும், இல்லன்னா வேக்கம் இழுத்து வளைவுல சப்பையா ஒட்டிக்கும், அப்புறம் கிராங்க்கேஸ் பிரஷர் ஏறி ஆயில் சீல் கசியும். அச்சுல வார்த்த ஒரிஜினல் வளைவு ஹோஸே வாங்குங்க, கிளிப்பும் புதுசு. மாட்டினதும் ஸ்கேனர்ல கோடை அழிச்சு லாங் ட்ரிம் 0-க்கு வந்துச்சான்னு பாருங்க. அந்த +19 அப்படியே கிடந்தா காலைல குளிர் ஸ்டார்ட்ல பெட்ரோல் அதிகமா ஊத்தும், புது பிளக் கருத்துடும்.