கேட்டரிங் சாப்பாட்டுக்கு ஒரு சொல்: 'தருவிப்புணவு' சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம்,

அமெரிக்கத் தேசியக் காவல்படையின் கொள்முதல் அறிவிப்புகளில் வரும் 'கேட்டர்டு மீல்ஸ்' என்பதற்குத் தமிழில் என்ன போடலாம் என்று போன வாரம் கேள்வி வந்து, அதற்குப் பங்கீடு, தயார் உணவு, உணவு வழங்கல், உணவுப்படி, பெருஞ்சோறு என்று ஐந்தாறு பரிந்துரைகளும் வந்துவிட்டன. எல்லாம் நல்ல சொற்கள்தான். ஆனால் பாதிக்கு மேல் ஏற்கெனவே வேறு இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன.

அங்கே நடப்பது இதுதான். அந்தப் படையில் பெரும்பாலோர் பகுதிநேரச் சிப்பாய்கள். மாதம் ஒரு வார இறுதி, வருடத்துக்கு 15 நாள் பயிற்சி. அந்த இரண்டு நாளுக்காக அடுப்பு மூட்ட ஆளோ வசதியோ இல்லாத பிரிவு, பக்கத்து ஊர் உணவகங்களிடம் விலைப்புள்ளி கேட்டு, சமைத்துச் சூடாகக் கொண்டுவரச் சொல்கிறது. வெளியே காட்டில் பயிற்சி என்றால் ஒரு வேளைக்கு எம்ஆர்இ, அதாவது சமைக்காமல் அப்படியே பிரித்துச் சாப்பிடும் பொட்டலம், அதில் சுமார் 1,250 கலோரி.

'பங்கீடு' சரிவராது. இந்திய ராணுவத்தில் ரேஷன் என்றால் அரிசியும் பருப்பும் அளந்து வருவது, லங்கர் என்கிற படைச் சமையற்கூடத்தில் படையின் ஆளே சமைப்பது. இது அதற்கு நேர் எதிர். 'தயார் உணவு' எம்ஆர்இக்கு வேண்டும், அதை இங்கே செலவழித்துவிட்டால் அப்புறம் அதற்கு எங்கே போவது? 'உணவு வழங்கல்' என்றால் எனக்கு ரேஷன் கடைதான் ஞாபகம் வருகிறது, துறையின் பெயரே 'உணவுப் பொருள் வழங்கல்'தானே. 'உணவுப்படி' இன்னும் சிக்கல், படி என்பது கையில் வரும் காசு.

'பெருஞ்சோறு' என்று ஒருவர் எழுதியிருந்தார். சொல் அழகு, எனக்கும் ஆசைதான். ஆனால் தொல்காப்பியத்தில் பெருஞ்சோற்று நிலை வஞ்சித்திணையில் வருவது, படையெடுக்கும் அரசன் தன் வீரர்களுக்குப் போடும் சோறு. இங்கே அரசனும் இல்லை, படையெடுப்பும் இல்லை, விலை குறைத்துச் சொன்னவர் வேனில் கொண்டுவந்து இறக்கும் முட்டையும் ரொட்டியும்தான்.

என் பரிந்துரை 'தருவிப்புணவு'. ஓட்டலிலிருந்து சாப்பாடு தருவித்தோம் என்று சொல்கிறோம் இல்லையா, அதே வினைதான். வெளியே சமைத்தது, இருக்கும் இடத்துக்கு வந்தது, வாங்குபவர் சொல்லி வந்தது, மூன்றும் அதில் இருக்கிறது. 'வந்தது' என்பது முக்கியம், ஏனென்றால் ஒப்பந்தத்தில் தகராறு கிளம்பக்கூடிய இடம் சாப்பாடு வரும் வழிதான்: அமெரிக்க உணவு விதிகளின் மாதிரித் தொகுப்பு, சூடான உணவு 57 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கக்கூடாது, குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேலே ஏறக்கூடாது என்கிறது. சமையல்காரர் முகாமுக்கே வந்து சமைத்தால் அது தருவிப்புணவு ஆகாது, அதை 'ஒப்பந்தச் சமையல்' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து 'ஹெட்கவுண்ட்', அதாவது சாப்பிடுவோர் எண்ணிக்கை. 'தலைக்கணக்கு' என்று போட்டிருக்கிறீர்கள், தப்பில்லை. ஆனால் நம் கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர்கள் இதற்கு எப்போதோ சொல் வைத்துவிட்டார்கள்: இலை. இலைக்கு இவ்வளவு, எத்தனை இலை விழுந்தது. என் தங்கை கல்யாணத்தில் 300 இலை சொல்லி 260தான் விழுந்தது, காசு 300க்கும் கொடுத்தோம், என் சித்தப்பா இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறார். முன்கூட்டி உறுதிசொன்ன எண்ணிக்கை வேறு, வந்து சாப்பிட்டவர் எண்ணிக்கை வேறு என்கிற அதே விவகாரம்தான் படை ஒப்பந்தத்திலும். அதனால் 'சொன்ன இலை', 'விழுந்த இலை' என்றே வைக்கலாம் என்பேன். அங்கே யார் இலையில் சாப்பிடுகிறார்கள் என்று சிரிப்பீர்கள். குதிரையே இல்லாத மோட்டாருக்குக் குதிரைத்திறன் சொல்கிறோமே.

வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள். ஆனால் அனுப்பும் முன் இந்த வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: 'உணவுப்படி வாங்கும் அதிகாரி தருவிப்புணவு சாப்பிட்டால் அதற்கான காசைக் கட்ட வேண்டும்.' இது அங்கே நிஜமாகவே உள்ள நடைமுறை, இரண்டு சொல்லும் மோதாமல் நின்றால் சரி.