பல்லார்டின் பேரழிவு நாவல்களில் ஓவியங்களுக்கு என்ன வேலை?

ஊத்தங்கரை வாசகர்:
ஆங்கில எழுத்தாளர் ஜே. ஜி. பல்லார்டு 1962-இல் எழுதிய ‘த டிரௌண்டு வேர்ல்டு’ நாவலை அண்மையில் படித்தேன். நீருக்குள் போன இலண்டனில், மாடி வீடொன்றில் தனியே வாழும் பெண்ணின் சுவரில், கனவுபோன்ற காட்சிகளைத் தீட்டிய சர்ரியலிச ஓவியர்களான தெல்வோவின் ஓவியம் ஒன்றும் மாக்ஸ் எர்ன்ஸ்டின் காட்டோவியம் ஒன்றும் தொங்குகின்றன. ஊரே மூழ்கிய பிறகு ஓவியத்தைப் பற்றிப் பேசுவானேன்? 2024 டிசம்பரில் எங்கள் ஊர் வெள்ளம் வேன்களை உருட்டிக்கொண்டு போனதைப் பார்த்தவன் என்பதால், இது எனக்கு உறுத்தியது.

பென்னாகரம் ஓவிய ஆசிரியர்:
ஐயா, எர்ன்ஸ்டின் அந்தக் காட்டோவியத்தில் செடிகொடிகளுக்கு நடுவே எரியும் மங்கிய சூரியனைக் கதைநாயகன் கெரான்ஸ் பார்க்கும்போது, எப்போதோ கண்ட ஒன்றை மறுபடி காண்பதுபோல உணர்கிறான். சன்னலுக்கு வெளியேயும் அதே காடுதான். 1951-இல் வந்த ஜான் விண்டமின் ‘டிரிஃபிட்ஸ்’ என்ற பேரழிவுக் கதையில், அழிவிலிருந்து தப்பியவர்கள் மறுபடி குடும்பம் நடத்தப் பார்க்கிறார்கள். கெரான்ஸோ, மூழ்கிய ஊரிலிருந்து ஒருவன் வடித்துவிட்ட நீரைக் கரையை உடைத்துத் திரும்ப வரவைத்துவிட்டு, வெயிலைத் தேடித் தெற்கே போகிறான். அவன் போகவிருக்கும் இடத்தைத்தான் ஓவியம் முன்கூட்டியே காட்டுகிறது.

ஈரச் சாயத்தின்மேல் கண்ணாடியையோ தாளையோ அழுத்தி உரித்தெடுத்து, அதில் விழும் பாசி போன்ற வடிவங்களில் காட்டையும் பாறையையும் கண்டெடுப்பது எர்ன்ஸ்டின் முறைகளில் ஒன்று. என் வகுப்பில் போஸ்டர் கலர் பூசிய தாளை மடித்துப் பிரித்தால் பிள்ளைகள் எல்லோரும் வண்ணத்துப்பூச்சி என்கிறார்கள். ஒருத்தி மட்டும் நுரையீரல் என்றாள்.

கிருஷ்ணகிரி நூலகப் பித்தன்:
ஆசிரியர் ஓவியத்துக்குக் கூடுதல் இடம் தருகிறார் என்று நினைக்கிறேன். 1930-இல் ஷாங்காயில் பிறந்த பல்லார்டு, 1943 முதல் 1945 வரை அங்கே ஜப்பானியர் நடத்திய லுங்குவா போர்க்கால முகாமில் பெற்றோருடன் அடைபட்டிருந்தவர். ஆளில்லாத வீடுகளையும் வற்றிய நீச்சல் குளங்களையும் சிறுவனாகவே கண்டவர். கண்டதற்கு ஓர் உருவம் தேடியபோதுதான் எர்ன்ஸ்டும் தெல்வோவும் கைகொடுத்தார்கள். ஆங்கில ஓவியர் பால் நாஷ், ஆக்ஸ்போர்டு அருகே கவுலியில் குவித்திருந்த ஜெர்மன் விமானச் சிதைவுகளை 1940–41-இல் உறைந்த கடலாகத் தீட்டியதும் அப்படித்தான்: போர் முந்தியது, படம் பிந்தியது.

ஊத்தங்கரை வாசகர்:
இருவருக்கும் நன்றி. கெரான்ஸ் கரையை உடைத்தது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகவே பட்டிருந்தது. ஆனால் எங்கள் கூடத்தில், நாட்காட்டிக்குச் சற்றுக் கீழே, வெள்ளம் விட்டுப்போன சேற்றுக்கோடு இன்னும் இருக்கிறது. சுண்ணாம்பு வாங்கி வைத்தும் அடிக்கக் கை வரவில்லை.